திருமண வழி கிரீன் கார்டு: வழக்கறிஞர் இன்றி விண்ணப்பிக்கலாம், ஆனால் பிழைக்கான விலை கூடியிருக்கிறது

அமெரிக்கக் குடியுரிமை பெற்றவரை மணந்த இந்தியர் ஒருவர், கிரீன் கார்டு எனப்படும் நிரந்தர வசிப்புரிமை அட்டைக்கு வழக்கறிஞர் துணையின்றி விண்ணப்பிக்க முடியுமா? முடியும் என்பதே அமெரிக்கச் சட்டத்தின் பதில். வழக்கறிஞரை அமர்த்திக்கொள்ளும் உரிமை விண்ணப்பதாரருக்கு உண்டு, அது கட்டாயமல்ல. அரசு செலவில் வழக்கறிஞர் நியமிக்கப்படுவதும் இல்லை.

பல ஆயிரம் டாலர் கட்டணத்தைத் தவிர்க்க விரும்பும் தம்பதியர் பலர் தாங்களே படிவங்களை நிரப்பி அனுப்புகின்றனர். சிக்கலற்ற விண்ணப்பங்களுக்கு இது இன்றும் நடைமுறைக்கு உகந்த வழிதான். எனினும், அமெரிக்கக் குடியுரிமை மற்றும் குடியேற்றச் சேவைகள் அமைப்பு (யு.எஸ்.சி.ஐ.எஸ்.) 2025-ஆம் ஆண்டில் கொண்டுவந்த மாற்றங்களால், விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டால் ஏற்படும் விளைவு கடுமையாகியுள்ளது. முன்பு பெரும்பாலும் பணமும் காலமும் மட்டுமே வீணாயின. இப்போது சிலருக்கு அது நாடு கடத்தல் வழக்கில் போய் முடியலாம்.

வரிசை இல்லாத வழி

வேலைவாய்ப்பு அடிப்படையில் கிரீன் கார்டு கோரும் இந்தியர்கள், ஒரு நாட்டவருக்கு 7 சதவீதம் என்ற உச்சவரம்பு காரணமாகப் பல ஆண்டுகள் காத்திருக்க வேண்டியுள்ளது. அமெரிக்கக் குடிமக்களின் வாழ்க்கைத் துணைவர்களுக்கு அந்த வரம்பு பொருந்தாது. அவர்கள் ‘நேரடி உறவினர்’ என்ற பிரிவில் வருவதால் ஆண்டு ஒதுக்கீடும் இல்லை.

கிரீன் கார்டு மட்டும் வைத்திருப்பவரை மணந்தால் நிலைமை வேறு. அத்தகையோர் ‘எஃப்-2ஏ’ பிரிவில் சேர்க்கப்படுவதால், விசா எண் கிடைக்கும்வரை காத்திருக்க வேண்டும். இந்த வேறுபாட்டை அறியாமல் விண்ணப்பிப்பது, தாமே விண்ணப்பிப்பவர்கள் செய்யக்கூடிய முதல் தவறு.

படிவங்களும் கட்டணமும்

அமெரிக்காவிலேயே இருப்பவர்களுக்கான அடிப்படைப் படிவங்கள் நான்கு. உறவை நிறுவும் மனு ஐ-130. வசிப்புரிமை கோரும் விண்ணப்பம் ஐ-485. பொருளாதார ஆதரவு உறுதிமொழி ஐ-864. மருத்துவப் பரிசோதனை அறிக்கை ஐ-693. காத்திருக்கும் காலத்தில் வேலை செய்ய ஐ-765, வெளிநாடு சென்றுவர ஐ-131 ஆகியவற்றையும் தாக்கல் செய்யலாம்.

2024 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த கட்டணப் பட்டியலின்படி, காகித வடிவிலான ஐ-130 மனுவுக்கு 675 டாலர். ஐ-485 விண்ணப்பத்துக்கு 1,440 டாலர். அதனுடன் வேலை அனுமதியும் கோரினால் 260 டாலர், பயண அனுமதிக்கு 630 டாலர். நான்கும் சேர்ந்து 3,005 டாலர். மருத்துவப் பரிசோதனைச் செலவு தனி.

விதிகள் அடிக்கடி மாறுவது மற்றொரு சிக்கல். 2024 டிசம்பர் 2 முதல் மருத்துவ அறிக்கையை ஐ-485 விண்ணப்பத்துடனேயே இணைக்க வேண்டும். 2025 அக்டோபர் 28-க்குப் பின் காசோலைகள் ஏற்கப்படுவதில்லை. பழைய பதிப்புப் படிவமோ, கையொப்பம் விடுபட்ட படிவமோ பரிசீலனைக்கே எடுக்கப்படாமல் திரும்பி வரும். ஈராண்டுக்கு முன் விண்ணப்பித்த நண்பரின் நகலைப் பார்த்து நிரப்புவது ஆபத்தானது என்பதற்கு இவையே சான்று.

துணைவர் இந்தியாவில் இருந்தால், ஐ-130 மனு ஏற்கப்பட்ட பின் கோப்பு தேசிய விசா மையத்துக்குச் செல்லும். இந்தியர்களுக்கான குடியேற்ற விசா நேர்காணல்கள் பெரும்பாலும் மும்பையிலுள்ள அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் நடைபெறுகின்றன.

இந்திய ஆவணங்களில் கவனம்

முறையான பிறப்புச் சான்றிதழ் இல்லாதவர்கள், உள்ளாட்சி அமைப்பிடமிருந்து ‘பதிவு இல்லை’ என்ற சான்றினைப் பெற்று, அதனுடன் பள்ளிச் சான்றிதழ், பெற்றோர் அல்லது நெருங்கிய உறவினரின் உறுதிமொழிப் பத்திரம் ஆகியவற்றை இணைக்கலாம். கோயிலிலோ மண்டபத்திலோ நடந்த திருமணத்துக்கு அழைப்பிதழும் புகைப்படமும் போதா. பதிவுச் சான்றிதழ் வேண்டும். இருவரில் ஒருவருக்கு முன்பே மணமாகியிருந்தால், அது முடிவுக்கு வந்ததற்கான நீதிமன்றத் தீர்ப்பின் சான்றிட்ட நகல் அல்லது இறப்புச் சான்றிதழ் கட்டாயம்.

தமிழ், இந்தி உள்ளிட்ட மொழிகளில் உள்ள ஆவணங்களுக்கு முழுமையான ஆங்கில மொழிபெயர்ப்பு தேவை. மொழிபெயர்ப்பவர் இரு மொழியும் அறிந்தவராக இருந்து, மொழிபெயர்ப்பு சரியானது என்று கையொப்பமிட்டால் போதும். நோட்டரி முத்திரை கட்டாயமல்ல. தம்பதியர் அல்லாத ஒருவர் இதைச் செய்வது நல்லது.

தந்தை பெயரை முதலெழுத்தாகக் கொள்ளும் தமிழர்களுக்குப் பெயர் வேறுபாடு தனிப் பிரச்சினை. பள்ளிச் சான்றிதழில் முதலெழுத்தும் பாஸ்போர்ட்டில் அதன் விரிவும் இருக்கலாம். பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருந்தால், அமெரிக்க விசாவில் முதற்பெயர் அறியப்படவில்லை என்பதன் சுருக்கமான ‘எஃப்.என்.யு.’ இடம்பெறும். இதுவரை பயன்படுத்திய எல்லாப் பெயர் வடிவங்களையும் ‘பிற பெயர்கள்’ பகுதியில் குறிப்பிட்டால் பின்னாளில் எழும் ஐயங்களைத் தவிர்க்கலாம்.

மணவாழ்வுக்கான சான்று

திருமணம் சட்டப்படி நடந்தது என்பதோடு, அது குடியேற்றப் பலனுக்காக மட்டும் நடந்ததல்ல என்பதையும் தம்பதியர் மெய்ப்பிக்க வேண்டும். கூட்டு வங்கிக் கணக்கு, வீட்டு வாடகை ஒப்பந்தம், கூட்டு வருமான வரிக் கணக்கு, காப்பீட்டில் துணைவரின் பெயர், குழந்தைகளின் பிறப்புச் சான்றிதழ் ஆகியவை வலுவான சான்றுகள்.

பெற்றோர் பார்த்து முடித்த திருமணங்களில், மணமக்கள் அதற்கு முன் சில முறையே சந்தித்திருக்கலாம். அதை மறைக்கவோ காதல் திருமணமாகச் சித்திரிக்கவோ தேவையில்லை. இரு குடும்பங்களும் பேசிய விதம், நிச்சயதார்த்தம், பயணங்கள், தொலைபேசித் தொடர்பு ஆகியவற்றை உள்ளபடியே விளக்குவது போதுமானது. நேர்காணலில் இருவரின் விடைகளும் முரண்படுவதே அதிக ஐயத்தை எழுப்பும்.

போலித் திருமணம் என்று தீர்மானிக்கப்பட்டால், எதிர்காலத்தில் வேறு எவர் மனு அளித்தாலும் அது ஏற்கப்படாது. குற்றம் மெய்ப்பிக்கப்பட்டால் ஐந்து ஆண்டுகள் வரை சிறையும் 2,50,000 டாலர் வரை அபராதமும் விதிக்கச் சட்டத்தில் இடமுண்டு.

மாறிய சூழல்

விசா காலம் முடிந்தும் தங்கியிருப்பவர், முறையாக நுழைந்தவராக இருந்தால், அமெரிக்கக் குடிமகனின் துணைவர் என்ற முறையில் உள்நாட்டிலேயே விண்ணப்பிக்கச் சட்டம் அனுமதிக்கிறது. அந்த விதி மாறவில்லை. ஆனால் 2025 பிப்ரவரியில் வெளியான வழிகாட்டுதலின்படி, விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டு, விண்ணப்பதாரருக்குச் சட்டப்படியான வேறு தங்கும் உரிமை இல்லாவிட்டால், குடியேற்ற நீதிமன்றத்தில் முன்னிலையாகும்படி நோட்டீஸ் அனுப்பப்படலாம். குடும்ப உறவு மனு தாக்கல் செய்யப்படுவதோ ஏற்கப்படுவதோ மட்டும் நாடு கடத்தலிலிருந்து பாதுகாப்பு அளிக்காது என்று 2025 ஆகஸ்டில் யு.எஸ்.சி.ஐ.எஸ். தெளிவுபடுத்தியது. அவ்வாண்டின் இறுதியில், விசா காலம் கடந்த துணைவர்கள் சிலர் சான் டியாகோவில் நேர்காணலின்போதே கைது செய்யப்பட்டதாகச் செய்திகள் வெளியாயின.

செல்லுபடியாகும் எச்-1பி விசாவில் பணிபுரிபவருக்கும் விசா காலாவதியான மாணவருக்கும் படிவங்கள் ஒன்றே. ஆபத்தின் அளவு மட்டும் வேறு. முன்னவரின் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டாலும் அவரது பணி விசா தொடரும். பின்னவருக்கு அத்தகைய பாதுகாப்பு இல்லை.

எவருக்கு வழக்கறிஞர் தேவை?

முறையான விசாவில் நுழைந்து, விதிமீறலோ கைதோ இன்றி, முதல் திருமணம் செய்துகொண்டு, போதிய வருமானமுள்ள தம்பதியர் தாமே விண்ணப்பிப்பதில் பெரிய தடையில்லை. கீழ்க்கண்ட நிலைகளில் உள்ளோர் படிவத்தைத் தொடும் முன்பே சட்ட ஆலோசனை பெறுவது நல்லது:

• விசா காலம் கடந்து தங்கியிருப்போர். 180 நாள்களுக்கு மேல் அவ்வாறு தங்கிவிட்டு நாட்டைவிட்டு வெளியேறினால் மூன்று ஆண்டுகளும், ஓராண்டோ அதற்கு மேலோ என்றால் பத்து ஆண்டுகளும் திரும்ப நுழையத் தடை ஏற்படும்.

• சிறிய வழக்கிலாயினும் கைது செய்யப்பட்டோர். குடும்பத் தகராறில் காவல் துறை வழக்குப் பதிந்தவர்களும் இதில் அடங்குவர்.

• வேலைக்கான படிவத்திலோ வாக்காளர் பதிவிலோ தம்மை அமெரிக்கக் குடிமகன் என்று தவறாகக் குறிப்பிட்டோர். இது பெரும்பாலும் விலக்கு பெற முடியாத தடையாகிவிடும்.

• ஈராண்டு தாயகம் திரும்பும் நிபந்தனைக்கு உட்பட்ட ஜே-1 விசாவினர். பயிற்சிக்காகச் சென்ற இந்திய மருத்துவர்கள் பலருக்கு இது பொருந்தும். அமெரிக்கரை மணந்தாலும் நிபந்தனை தானாக நீங்குவதில்லை.

முழு வழக்கையும் ஒப்படைக்க இயலாதவர்கள் ஒருமுறை ஆலோசனை பெற்றுப் படிவங்களைத் தாமே நிரப்பலாம். அமெரிக்க நீதித் துறையின் அங்கீகாரம் பெற்ற பிரதிநிதிகள் குறைந்த கட்டணத்தில் உதவுகின்றனர். உரிமமின்றிப் ‘படிவம் நிரப்பித் தருவோர்’ சட்ட ஆலோசனை வழங்க அதிகாரம் பெற்றவர்கள் அல்லர்.

கையொப்பத்துக்குப் பின்னும் தொடரும் பொறுப்பு

ஐ-864 படிவத்தில் கையொப்பமிடுபவர், குடும்ப வருமானம் கூட்டரசின் வறுமைக் கோட்டில் 125 சதவீதத்துக்குக் குறையாது என்று காட்ட வேண்டும். 2025 கணக்கின்படி இருவர் குடும்பத்துக்கு இது சுமார் 26,437 டாலர். விவாகரத்துக்குப் பின்னும் இந்தப் பொறுப்பு நீங்குவதில்லை.

அட்டை வழங்கப்படும் நாளில் திருமணமாகி ஈராண்டு நிறைவடையாவிட்டால், ஈராண்டுக்கான நிபந்தனை அட்டையே கிடைக்கும். அது காலாவதியாகும் முன் உள்ள 90 நாள்களுக்குள் இருவரும் சேர்ந்து ஐ-751 மனுவைத் தாக்கல் செய்ய வேண்டும். தவறினால் வசிப்புரிமையே பறிபோகும். மணமுறிவு ஏற்பட்டாலோ துணைவர் துன்புறுத்தினாலோ, கூட்டு மனு விதியிலிருந்து விலக்குக் கோரித் தனியாக விண்ணப்பிக்கலாம். கிரீன் கார்டு பெறும் முன்பே வன்முறைக்கு ஆளானவர், துணைவருக்குத் தெரியாமல் தாமே மனு செய்யவும் சட்டம் வழிசெய்கிறது. ‘விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றுவிடுவேன்’ என்ற மிரட்டலுக்கு அஞ்சி வாழ்பவர்கள் அறிந்திருக்க வேண்டிய பாதுகாப்பு இது.

ஆகவே, வழக்கறிஞர் தேவையா என்பதை முடிவு செய்ய வேண்டியது படிவம் நிரப்பும் திறமையைக் கொண்டு அல்ல. விண்ணப்பதாரரின் விசா வரலாற்றையும் பழைய பதிவுகளையும் கொண்டுதான். அவற்றில் ஒளிவுமறைவு ஏதும் இல்லாதவருக்குப் பொறுமையும் கவனமும் போதும். ஐயமுள்ளவருக்கு, விண்ணப்பிக்கும் முன் பெறும் ஒரு மணி நேர ஆலோசனையின் செலவு, நிராகரிப்புக்குப் பின் நடத்தும் வழக்கின் செலவைவிட மிகக் குறைவு.