பொறுமை என்பது மௌனமா?

 

2023இல் வெளிவந்த 'விடுதலை' திரைப்படத்தில் மலைக்கிராமத்துப் பெண்கள் காவலர்களிடம் படும் கொடுமைகள், பலருக்கும் வாச்சாத்தியை நினைவூட்டின. மேட்டூரில் வாழும் நமக்கு அது அண்டை மாவட்டமான தருமபுரியின் ஊர். 1992 ஜூன் 20 அன்று, சந்தனமரச் சோதனை என்ற பெயரில் அரசு ஊழியர்கள் அங்கே புகுந்து வீடுகளைச் சூறையாடினர். 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாயினர்.

திரை காட்டுவது கொடுமையை. அப்பெண்களின் வீரமோ அதற்குப் பிறகே தொடங்கியது. மலைவாழ் மக்கள் சங்கத்தின் துணையோடு வழக்காடி, குற்றவாளிகளை அடையாளம் காட்டி, 19 ஆண்டுகள் உறுதியாய் நின்றனர். குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் உயிரோடிருந்த 215 பேரும் 2011இல் தண்டிக்கப்பட்டனர். 2023இல் சென்னை உயர்நீதிமன்றமும் அதனை உறுதி செய்தது.

அநீதிக்குள்ளான பெண்ணிடம் நாம் "பொறுமையாக இரு" என்கிறோம். வாயை மூடிக்கொள் என்பதே அதன் பொருளாகிவிட்டது. திருமறையோ நீதிக்குச் சாட்சியாய் நிற்கப் பணிக்கிறது. சாட்சியம் சொல்லிவிட்டுத் தளராமல் காத்திருப்பதே ஸப்ரு. படம் பார்த்துக் கண்கலங்கும் பிள்ளைகளுக்கு, அந்த 19 ஆண்டுகளையும் எடுத்துச் சொல்லுங்கள்.