சீனமே தெரியாத சீன நிபுணர்கள்

முதல்ல ஒரு வாக்குமூலம். சர்வதேச உறவுகள் எம்.ஏ. படிச்சப்போ இந்திய-சீன எல்லைப் பேச்சுவார்த்தை பத்தி ஒரு ஆய்வேடு எழுதினேன். அடிக்குறிப்புகளே நூத்துக்கு மேல. அதுல சீன மொழியிலிருந்து நேரா எடுத்தது எத்தனைன்னு கேட்டீங்கன்னா, பூஜ்யம். ஆனா யாருமே கேட்கலை. நல்ல மார்க் போட்டு, கை குலுக்கி அனுப்பி வச்சிட்டாங்க.

சீன வகுப்புப் பக்கமே போகாத ஆளுன்னு நினைச்சுடாதீங்க. போனேன். விருப்பப் பாடம், வாரத்துக்கு ரெண்டு மணி நேரம், நாலு செமஸ்டர். 'மாய்'னு குரலை இறக்கி ஏத்திச் சொன்னா வாங்குறது. அதையே மேலேருந்து படார்னு போட்டா விக்கிறது. நான் ரெண்டு வருஷமா எதை வாங்கினேன், எதை வித்தேன்னு எனக்கே தெரியாது :-) கூட்டிக் கழிச்சுப் பார்த்தா 120 மணி நேரம் தேறும். அமெரிக்க வெளியுறவுத் துறை தன்னோட அதிகாரிகளுக்கு மாண்டரின் சொல்லித்தர ஒதுக்குறது சுமார் 2,200 வகுப்பு மணி. அதாவது பதினெட்டுல ஒரு பங்கு படிச்சிட்டு நானும் 'சீனம் தெரியும்'னு பயோடேட்டாவுல போட்டுக்கிட்டேன். கடையில டீ கேட்கலாம். பீப்பிள்ஸ் டெய்லி தலையங்கத்துல ஒரு பத்தி தாண்ட முடியாது.

இதைச் சொன்னா உடனே வர்ற பதில்: "அதான் எல்லாம் இங்கிலீஷ்லயே கிடைக்குதே, இப்ப மெஷினே மொழிபெயர்க்குதே, எதுக்குய்யா மெனக்கெடணும்?"

இதுக்குத்தான். 1989க்கு அப்புறம் சீனா உலகத்துக்கிட்ட எப்படி நடந்துக்கணும்னு தெங் சியாவோபிங் சொன்ன அறிவுரையா நாலே எழுத்துல ஒரு தொடர் உண்டு: 'தாவ் குவாங் யாங் ஹுவெய்'. எழுத்துக்கு எழுத்து பார்த்தா, வெளிச்சத்தை மறைச்சு இருட்டைப் பேணுன்னு வரும். அமெரிக்கப் பாதுகாப்புத் துறை அறிக்கைகள் இதை எப்படி எழுதிச்சு? 'திறமைகளை மறைத்து வை, நேரம் வரும்வரை காத்திரு'. இல்லப்பா, அடக்கமா இருன்னுதான் அர்த்தம்னு சீன அறிஞர்கள் எவ்வளவோ எழுதினாங்க. நம்ம பாஷையில சொன்னா, ஒருத்தர் 'அடக்கி வாசி'ங்கிறார். இன்னொருத்தர் 'புலி பதுங்குறது பாயத்தான்'ங்கிறார். யார் சொல்றது சரி? எனக்கும் ஒரு சாய்வு இருக்கு, அது கிடக்கட்டும். ஆனா அந்த நாலு எழுத்துல 'நேரம் வரும்வரை'ங்கிற வார்த்தையே இல்ல. இங்கிலீஷ் வழியா மட்டும் படிக்கிறவனுக்கு, இப்படி ஒரு சண்டை நடக்குதுங்கிறதே அடுத்தவன் சொன்னாத்தான் தெரியும். அவன் படிக்கிறது சீனாவை இல்ல, வாஷிங்டன் பார்த்த சீனாவை.

இன்னொண்ணு. 'ஒரு பட்டை ஒரு பாதை' திட்டத்துக்கு இங்கிலீஷ்ல வச்ச பேர்லருந்து அந்த 'ஒரு'வைக் கொஞ்ச வருஷத்துல எடுத்துட்டாங்க. உள்ளூர்ல இன்னிக்கும் அதே 'யீ தாய் யீ லூ'தான். 'யீ'ன்னா ஒண்ணு.

இது புதுசும் இல்ல. 1911ல இலங்கை காலியில கிடைச்ச கல்வெட்டைக் கேள்விப்பட்டிருப்பீங்க. சீனக் கடற்தளபதி செங் ஹெ கொண்டுவந்த கல்லு, 1409ன்னு தேதி போட்டது, இப்போ கொழும்பு மியூசியத்துல இருக்கு. சீனத்துல புத்தரைப் புகழுது, தமிழ்ல தெனாவரை நாயனாரைப் புகழுது, பாரசீகத்துல அல்லாவைப் புகழுது. கல்லு ஒண்ணு, காணிக்கை கொடுத்தவரும் ஒருத்தர்தான். ஆளுக்கு ஏத்த மாதிரி பேசியிருக்காங்க. தமிழை மட்டும் படிச்சவன் 'ஆகா, சீனாக்காரன் நம்ம பெருமாள் பக்தன்'னு ஆய்வேடு எழுதியிருப்பான். நல்ல மார்க்கும் வாங்கியிருப்பான், என்னை மாதிரி.

தமிழே தெரியாத ஒருத்தர் திராவிட இயக்கம் பத்தி அறுநூறு பக்கம் எழுதி, 'அண்ணா'ன்னா யாருக்கோ மூத்த சகோதரர்னு அகராதி பார்த்துப் போட்டா நாம சும்மா விடுவோமா? கிழிச்சுத் தொங்கவிட மாட்டோம்? அப்புறம் சீனாவுக்கு மட்டும் என்ன தனிச் சலுகை?

சொல்லித்தர ஆள் இல்லைன்னும் சொல்ல முடியாது. சாந்திநிகேதன்ல 1937லயே தாகூர் சீன பவனம் திறந்துட்டார். ஜே.என்.யூ.வுல சீன மொழிக்குன்னு தனித் துறை இருக்கு. வெளியுறவுப் பணி அதிகாரிகள்ல சீனம் ஒதுக்கப்பட்டவங்க உருப்படியாவே படிக்கிறாங்க. மத்தபடி மொழி படிக்கிறவன் ஒரு கட்டடம், அரசியல் படிக்கிறவன் வேற கட்டடம். மொழி படிச்சவன் கம்பெனிக்கு மொழிபெயர்க்கப் போறான்; அரசியல் படிச்சவன் டிவியில சீனாவை விளக்குறான்.

இந்த லட்சணத்துல, 2019 கல்விக் கொள்கை வரைவுல உதாரணத்துக்குச் சொன்ன வெளிநாட்டு மொழிகள்ல சீனமும் இருந்துச்சு. 2020 ஜூன்ல கல்வான்ல 20 வீரர்களைப் பறிகொடுத்தோம். ஜூலையில வந்த இறுதிக் கொள்கையில கொரியன், ஜப்பானிய மொழி, தாய்லாந்து மொழி எல்லாம் இருக்கு, சீனத்தைக் காணோம். தடை ஒண்ணும் இல்லைதான், பட்டியல்ல இல்ல, அவ்வளவுதான். ஆனா அந்த மனநிலை இருக்கே! 1957ல சோவியத் ஸ்புட்னிக்கை விட்டதும் அமெரிக்கா என்ன பண்ணுச்சு? அடுத்த வருஷமே சட்டம் போட்டு, ரஷ்யன், சீனம்னு பல்கலைக்கழகங்கள்ல சொல்லித்தரப் பணத்தைக் கொட்டுச்சு. பெய்ஜிங்கோட அவங்களுக்குத் தூதரக உறவு வந்ததே 1979லதான். எதிரின்னு நினைச்சதாலதான் படிச்சாங்க. நாம எதிரிங்கிறதால பட்டியலை விட்டுத் தூக்குறோம்.

நான் கேட்கிறது ரெண்டே ரெண்டு. சீனாவை எடுத்துப் படிக்க வர்றவனுக்கு முதல் வருஷம் முழுக்க மொழி மட்டும், தினமும். அப்புறம், சீன மூலம் ஒண்ணுகூட இல்லாத சீன ஆய்வேட்டைத் துறைத்தலைவர் திருப்பி அனுப்பணும். என்னுடையதுலருந்தே ஆரம்பிக்கலாம்.

பி.கு: அந்த ஆய்வேட்டைப் படிக்கத் தரச்சொல்லி யாரும் மெயில் அனுப்பாதீங்க. தர மாட்டேன்.