இரண்டு மாதத்துக்குத்தானே!

தில்லித் தமிழர்கள் குளிர்காலத்தில் அதிகம் சொல்லும் வாக்கியம் எது என்று கேட்டால் தயங்காமல் சொல்வேன்: “இரண்டு மாதத்துக்குத்தானே, ஓட்டிவிடலாம்!” நானும் அப்படிச் சொன்னவன்தான். 1984-இல் ஜனக்புரிக்குக் குடிவந்த நாளிலிருந்து வருஷம் தவறாமல் சொல்லி வந்தேன். உண்மையில் தீபாவளி கழிந்து போடுகிற கீஸரை ஹோலி வரை நாம் விடுவதில்லை. அது நான்கு மாதம். வாயில் வருவது மட்டும் இரண்டு மாதம்.

இந்த இரண்டு மாத நினைப்பினால் என்ன ஆகிறது பாருங்கள். மார்ச் மாதம் பிறந்ததும் கூலரைத் துடைத்துப் புதுப் புல் வைத்து, பம்பு ஓடுகிறதா என்று பார்த்து, துருப்பிடித்த இடத்தில் பெயிண்டும் அடிக்கிறோம். ஏ.சி.க்கு இரண்டு தரம் சர்வீஸ். கீஸர், ஹீட்டர், ப்ளோயர் இவற்றுக்கு? பரணிலிருந்து இறக்குகிறோம், சொருகுகிறோம், எரிந்த தூசி நாற்றம் அடித்தால் மூக்கைப் பொத்திக்கொள்கிறோம். வெயில் நாட்டு மனிதர்களுக்குச் சூடேற்றும் கருவி என்பது விருந்தாளி மாதிரி. வந்தால் வரவேற்போம், போனால் மறந்துவிடுவோம். ஆனால் 2021 ஜனவரி முதல் தேதி சப்தர்ஜங்கில் 1.1 டிகிரி பதிவானபோது இந்த விருந்தாளியைத்தானே கட்டிக்கொண்டு கிடந்தோம்?

இதை எழுத எனக்கு ஒரு காரணம் இருக்கிறது. சொல்லக் கொஞ்சம் கூச்சமாகவும் இருக்கிறது.

எங்கள் பிளாக்கிலேயே, இரண்டு மாடிப்படி தள்ளி, திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து மாற்றலாகி வந்த ஒரு குடும்பம். கணவன், மனைவி, பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கும் பெண். ஊரில் குளிர் என்றால் மின்விசிறியை இரண்டில் வைப்பவர்கள். முதல் மார்கழியிலேயே அவர் என்னிடம் வந்து, “அண்ணாச்சி, பாத்ரூமுக்குள்ள போகவே பயமா இருக்கு. மேலே இருக்கிற ஜன்னல் வழியா காத்து ஊசி மாதிரி குத்துது” என்றார். முப்பது வருஷத்துக்கு மேல் தில்லியில் பழம் தின்று கொட்டை போட்டவன் அல்லவா நான்? “அதுக்கென்ன, ஓர் அட்டையை வெட்டி அடைச்சிடுங்க. நாங்க எல்லாம் அப்படித்தான் செய்யறோம்” என்றேன். அவரும் அன்றே அடைத்தார்.

என் வீட்டில் இருப்பது மின்சார கீஸர். அவர் குடியிருந்த வீட்டில் இருந்தது கேஸ் கீஸர். மின்கட்டணம் மிச்சம் என்று வீட்டுக்காரர் மாட்டி வைத்தது. சிலிண்டர் பால்கனியில், கீஸர் குளியலறைக்கு உள்ளே. இதை நான் கேட்கவும் இல்லை, பார்க்கவும் இல்லை.

நாலாம் நாள் காலை அந்தப் பெண் குளிக்கப் போனவள் வெளியே வரவில்லை. ஏதோ விழுந்த சத்தம் கேட்டு, அவள் அம்மா கதவைத் தட்டி, பிறகு கத்தி, கீழ்வீட்டு சர்தார்ஜி வந்து தோளால் இடித்துத் தாழ்ப்பாளைப் பெயர்த்தார். தூக்கிக்கொண்டு மொட்டை மாடிக்கு ஓடினார்கள். காற்று பட்டதும் கண் திறந்தாள். ஆஸ்பத்திரியில் ஆக்ஸிஜன் வைத்து மறுநாள் மாலை அனுப்பினார்கள். இன்னும் ஐந்து நிமிஷம் ஆகியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று டாக்டர் சொன்னதை இங்கே எழுத எனக்கு மனமில்லை.

நடந்தது கார்பன் மோனாக்சைடு விஷம். கேஸ் எரிய ஆக்ஸிஜன் வேண்டும். அடைத்த சின்ன அறையில் அது குறையக் குறைய, எரிவது அரைகுறையாகி இந்த வாயு உண்டாகிறது. நிறம் கிடையாது, மணம் கிடையாது. ரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினை ஆக்ஸிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேலான பிடிப்போடு பற்றிக்கொள்ளும். தலை கனக்கும், கால் துவளும், அவ்வளவுதான். “நாற்றமே வரவில்லையே!” என்று அந்த அம்மா திரும்பத் திரும்பக் கேட்டார். நமக்குத் தெரிந்த கேஸ் நாற்றம், கசிவு தெரிவதற்காகக் கம்பெனிக்காரர்கள் கலப்பது. எரிந்து முடிந்தபின் வரும் விஷத்துக்கு அந்த உபகாரம் கிடையாது.

இது ஏதோ ஒரு வீட்டுக் கதை என்று நினைக்க வேண்டாம். 2020 ஜனவரியில் கேரளத்திலிருந்து நேபாளத்துக்குச் சுற்றுலா போனவர்களில் எட்டுப் பேர், குழந்தைகள் உட்பட, தாமன் என்ற மலையூரில் கேஸ் ஹீட்டர் எரிந்த அறையில் தூங்கி, எழுந்திருக்கவே இல்லை. 2024 ஜனவரியில் நம் தில்லியின் அலிப்பூர் பக்கத்தில் அறைக்குள் அங்கீட்டி மூட்டிக்கொண்டு படுத்த ஒரே குடும்பத்தின் நால்வர் போனார்கள். என் மகன் இருக்கும் ஹூஸ்டன் நம் சென்னையைப் போலப் புழுக்கமான ஊர். 2021 பிப்ரவரியில் அங்கே பனிப்புயல் அடித்து மின்சாரம் நின்றபோது கரி அடுப்பையும் ஜெனரேட்டரையும் வீட்டுக்குள் வைத்து மூச்சடைத்துப் பலர் மாண்டார்கள். குளிருக்குப் பழகாதவனுக்குத்தான் ஜன்னலை அடைக்கத் தோன்றுகிறது. அதே ஹூஸ்டனில் மகன் வீட்டுக்கு உலை ஒன்று உண்டு. மொத்த வீட்டையும் சூடாக்குவது. வருஷத்தில் சில வாரமே ஓடும் என்றாலும் குளிருக்கு முன் மெக்கானிக் வந்து பார்க்காமல் அதை மூட்டுவதில்லை. கூரையில் இந்த வாயுவுக்கென்றே ஓர் அலாரம். நம் ஊரிலும் அது விற்கிறது. நான்தான் அதுவரை கேள்விப்பட்டதில்லை.

சரி, மின்சார கீஸர்காரர்கள் நிம்மதியாக இருக்கலாமா? அதுவும் இல்லை. நம் பக்கத்துத் தண்ணீரின் உப்பு எலிமெண்ட் மேல் சுண்ணாம்பாய்ப் படிந்து, முதலில் தண்ணீர் சூடாக நேரம் எடுக்கும், பிறகு எலிமெண்டே வெடிக்கும். தொட்டிக்குள் மக்னீஷியம் தண்டு ஒன்று இருக்கிறது. தான் கரைந்து தொட்டியைத் துருவிலிருந்து காப்பாற்றுவது. அது கரைந்து தீர்ந்ததுகூடத் தெரியாமல் தொட்டி ஒழுகியபின் கம்பெனியைத் திட்டுகிறோம். எல்லாவற்றிலும் மோசம், சூடாகும்போது பாதுகாப்பு வால்வில் சொட்டுகிற தண்ணீரை ரிப்பேர் என்று எண்ணி எம்-சீல் வைத்து அடைப்பது. விரிகிற தண்ணீர் போக அது ஒன்றுதான் வழி. அடைத்தால் கீஸர் வெடிகுண்டு. எர்த் கம்பி இல்லாத ப்ளக்கைப் பற்றியும், பக்கெட்டில் ராடு போட்டுவிட்டு ஸ்விட்சை அணைக்காமல் விரலால் சூடு பார்க்கும் வீரர்களைப் பற்றியும் தனிக் கட்டுரையே எழுதலாம்.

செலவு என்ன என்கிறீர்களா? சென்ற நவம்பரில் என் 15 லிட்டர் கீஸருக்கு ஆனதைச் சொல்கிறேன். மெக்கானிக் வந்து பார்க்க 350 ரூபாய், எலிமெண்ட் 750, தெர்மோஸ்டாட் 400, மக்னீஷியம் தண்டு 300, உப்புச் சுரண்ட 200. ஆக 2000. தண்டையும் சுரண்டலையும் வருஷாவருஷம் கவனித்திருந்தால் மற்ற இரண்டும் போயிருக்காது என்று அந்தப் பையனே சொன்னான். வியாபாரத்துக்குக் கேடாக உண்மை சொன்ன அவனிடமா பேரம் பேசுவது? பேசாமல் கொடுத்தேன்.

பணத்தைவிடப் பெரிய சிக்கல், இது யார் தலையில் என்பது. அந்தப் பெண் ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபின் கேஸ் கீஸரை வெளியே மாற்றித் தரச் சொன்னதற்கு வீட்டுக்காரர், “நன்றாகத்தானே எரிகிறது?” என்றார். குடியிருப்பவரோ பதினோரு மாத ஒப்பந்தக்காரர். அடுத்தவன் சுவரில் ஏன் காசைக் கொட்ட வேண்டும் என்று அவருக்கும் யோசனை. மூன்று வாரம் அந்த வீட்டில் அடுப்பில் வெந்நீர் வைத்துக் குளித்தார்கள். முடிவில் ஆளுக்குப் பாதி போட்டு மின்சார கீஸர் வாங்கினார்கள். நான் ஒரு பங்கு தருகிறேன் என்றதற்கு, “நீங்க நல்லதுக்குத்தானே சொன்னீங்க, அண்ணாச்சி” என்று அவர் மறுத்துவிட்டார். திட்டியிருந்தால் தேவலை.

என் கட்சி இதுதான். வீடு பார்க்கப் போகும்போது தண்ணீர் எத்தனை மணிக்கு வரும், மெட்ரோ எவ்வளவு தூரம் என்று கேட்கும் நாம், கீஸர் எந்த வகை, எங்கே மாட்டியிருக்கிறது, பழுதானால் யார் செலவு என்றும் கேட்டு ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதி வாங்க வேண்டும். கேஸ் கீஸர் குளியலறைக்குள் இருந்தால் அந்த வீடே வேண்டாம். சங்கமும் புதிதாக மாற்றலாகி வரும் குடும்பங்களுக்குக் கச்சேரி அழைப்பிதழோடு இதையும் ஒரு தாளில் அடித்துத் தரலாம். அக்டோபர் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பிளாக்குக்கு ஒரு நல்ல மெக்கானிக்கை ஏற்பாடு செய்து வீடு வீடாகப் பார்க்கச் செய்தால் கூலியும் குறையும்.

சங்கம் தீர்மானம் போடும்வரை காத்திருக்காமல் சென்ற அக்டோபரில் எங்கள் பிளாக்கின் ஏழு தமிழ் வீடுகளுக்கு நானே ஒரு டெஸ்டரும் ஸ்டூலுமாகப் போனேன். இரண்டு வீடுகளில் குளியலறைக் காற்று ஜன்னல் அடைத்திருந்தது. ஒன்றில் பழைய காலண்டர் அட்டை. இரண்டுமே மின்சார கீஸர்தான், ஆனாலும் எடுத்தேன். அடுத்து அங்கே குடிவருபவர் எதை மாட்டுவாரோ? காலண்டர் அட்டை வீட்டுப் பாட்டிக்கு என் மேல் இன்னும் கோபம். கூடத்தில் பார்த்தாலே, “குளிர் காத்தை உள்ளே விட்டுட்டுப் போனியே!” என்கிறார்.