குளிர்நீர் மீனும் நம்மூர் வெயிலும்

வீட்டு வளவிலே சிறு தடாகம் ஒன்று கட்டி, அதில் பொன்மீன்களை உலவவிட வேண்டும் என்னும் ஆசை பலருக்கு உண்டு. அழகை விரும்புதல் குற்றமன்று. ஆயினும், அம்மீன் எந்நீருக்கு உரியது என்பதை அறிந்த பின்னரே அதனை வாங்குதல் நன்று.

பொன்மீன் கெண்டை இனத்தைச் சார்ந்தது. சீனர் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அதனைத் தடாகங்களில் வளர்த்தனர். பல வண்ணம் காட்டும் 'கொய்' மீனோ, யப்பானின் நீகாத்தா மலைக் கிராமங்களில், உணவுக்கென வளர்த்த கெண்டையிலிருந்து 19ஆம் நூற்றாண்டில் தெரிந்தெடுக்கப்பட்டது. 1914இல் தோக்கியோக் கண்காட்சியில் வைக்கப்பட்ட பின்னரே அதன் புகழ் அந்நாடெங்கும் பரவியது. இவையிரண்டும் குளிர்நீர்ப் பிராணிகள். 6,000 அடி உயரத்திலுள்ள நுவரெலியாவின் குளிர்ச்சி இவற்றுக்கு ஒத்துக்கொள்ளும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் வரிப்பத்தான்சேனையின் வெயிலிலே காயும் சீமெந்துத் தொட்டி ஒத்துக்கொள்ளுமா?

நீரில் கரைந்துள்ள ஒட்சிசனையே மீன் சுவாசிக்கின்றது. 10 பாகை செல்சியஸ் வெப்பமுள்ள ஒரு லீற்றர் நீரில் ஏறத்தாழ 11 மில்லிகிராம் ஒட்சிசன் கரையும். 30 பாகையிலோ 7½ மில்லிகிராம் அளவே கரையும். அதே வெப்பம் மீனின் உடலியக்கத்தை விரைவுபடுத்துவதால், அதற்கு வேண்டிய ஒட்சிசனோ கூடுகின்றது. வரவு குறைந்து செலவு மிகுந்த குடும்பத்தின் நிலைதான் அதற்கும்!

இரவில் நீர்ச்செடிகளும் பாசியும் ஒட்சிசனை உட்கொள்வதால், விடியற்காலையில் தட்டுப்பாடு உச்சமடையும். மீன் நீர்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடுவது அப்போதுதான். பசியென்று எண்ணிப் பிள்ளைகள் தீனி தூவுவர். உண்ணாது எஞ்சிய தீனி அழுகி, இருக்கின்ற ஒட்சிசனையும் குறைத்துவிடும்.

ஆதலின், இம்மீனை வளர்த்தே தீருவோம் என்பவர் தடாகத்தை மூன்றடி ஆழமாக்கி, மரநிழலில் அமைப்பாராக. மீன்கள் சிலவே போதும். நீர் சிறு அருவிபோல் விழுந்துகொண்டிருத்தல் நலம். குழாய்நீராயின் குளோரீன் நீங்கிய பின்னரே விட வேண்டும்.

வளர்க்க இயலாது போயின், "பாவம், பிழைத்துப் போகட்டும்" என்று அருகிலுள்ள இறக்காமக் குளத்தில் விட்டுவிடலாகாது. இரக்கமாகத் தோன்றும் அச்செயல் பிற உயிர்களுக்குத் தீங்காகலாம். அடிச்சேற்றைக் கிளறி இரை தேடும் பொன்மீன், தெளிந்த நீரையும் கலக்கிவிடும். மேற்கு அவுஸ்திரேலியாவின் வாஸ் ஆற்றில் வீட்டார் விட்ட பொன்மீன்கள் பெருகி, சில ஒரு கிலோவுக்கும் மேலாகப் பருத்தன. கண்ணாடித் தொட்டியைத் துப்புரவாக்கவென்று கொணர்ந்த உறிஞ்சுவாய் மீன் நம் நாட்டு நீர்நிலைகளிலும் பரவியிருப்பதை அறிவோம். குளத்தை நம்பி வலை வீசும் குடும்பங்கள் உள்ள ஊரிலே இது சிறு காரியமன்று. விற்றவரிடமே திருப்பிக் கொடுங்கள். அன்றேல், வளர்க்க வல்ல வேறொருவரிடம் ஒப்படையுங்கள்.

வயல் வாய்க்கால்களில், தலையில் வெள்ளிப் பொட்டொன்று மின்ன, நீர்மட்டத்தை ஒட்டித் திரியும் சிறுமீனை நீங்கள் கண்டிருப்பீர்கள். பொன்னிறம் அதற்கு இல்லை. ஆனால் நம் வெயில் அதற்குப் பழக்கம். நுளம்பின் குடம்பிகளோ அதற்கு விருப்பமான இரை. தொட்டியில் நான்கைந்தை விட்டுப் பாருங்கள்.