எஞ்சினைப் பிரிக்கும் முன்

விசைப்படகின் வேகம் குறைந்ததும் எஞ்சினைப் பிரிக்கச் சொல்வது அவசரப் புத்தி. முழு ஆக்ஸிலேட்டரில் ஆர்.பி.எம். வழக்கம்போல் ஏறியும் படகு ஓடவில்லையென்றால், கியர்பாக்ஸ் கிளட்சையோ புரொப்பெல்லரையோதான் சந்தேகிக்க வேண்டும். ஆர்.பி.எம். ஏறாவிட்டால் புகையைப் பாருங்கள். புகையே இல்லாமல் திணறினால் டீசல் போதவில்லை. பெரும்பாலும் அடைபட்ட ஃபில்டர், அவ்வளவுதான். கரும்புகை வந்தால் எஞ்சின் கோளாறுதானே என்பார்கள். இன்ஜெக்டரோ டர்போவோ காரணமாகலாம், மறுக்கவில்லை. ஆனால் அடிப்பாகத்தில் கொட்டலசு அப்பினாலும், புரொப்பெல்லரில் வலைத்துண்டு சுற்றினாலும், சுமை கூடி நல்ல எஞ்சினும் அதே கரும்புகையைத்தான் கக்கும். கிழக்குக் கரையின் 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் அடியைச் சுரண்டி வர்ணம் பூசிய படகு, அதன்பின் மாதங்கள் போகப்போக மந்தமானது என்றால், மெக்கானிக்கைக் கூப்பிடும் முன் ஒருவரை முக்குளித்து அடியைத் தடவிப் பார்க்கச் சொல்லலாம்.