குற்றவாளி நாக்கா, கடைத்தெருவா?

உடற்பருமனைப் பற்றிப் பேச்செழும்போதெல்லாம், "வாயைக் கட்டத் தெரியாதவனுக்குச் சட்டம் என்ன செய்யும்?" என்று கேட்டு வாதத்தை முடித்துவிடுவோர் நம்மிடையே பலர். கேட்பதற்கு நீதிமொழி போல் ஒலிக்கிறது. ஆனால், கணக்கு அதற்கு உடன்படவில்லை.

தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழகத்தில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் மிகை எடையோ பருமனோ உடையோர் 2015–16இல் நூற்றுக்கு 30.9, 2019–21இல் 40.4. ஆண்களிடையே 28.2 என்பது 37 ஆயிற்று. சில ஆண்டுகளுக்குள் இத்தனை இலட்சம் பேரின் மனவுறுதியும் ஒருசேரக் குலைந்துவிட்டதா? இல்லை. மாறியது கடைத்தெரு. பள்ளி வாயிலில் பிள்ளையின் கைக்கெட்டும் உயரத்தில், அதன் கைக்காசுக்கு எட்டும் விலையில், உப்பும் எண்ணெயும் செறிந்த பொட்டலங்கள் சரஞ்சரமாய்த் தொங்குகின்றன.

"அரசு நம் அடுக்களைக்குள் நுழையலாமா?" என்பர். நுழைய வேண்டாம், ஆலை வாசலில் நின்றாலே போதும். 100 மில்லிலிட்டருக்கு 5 கிராமும் அதற்கு மேலும் சர்க்கரை சேர்த்த பானங்களுக்குத் தீர்வை விதிக்கப்போவதாக பிரிட்டன் 2016இல் அறிவித்தது. 2018 ஏப்ரலில் அது நடைமுறைக்கு வருமுன்பே உற்பத்தியாளர் பலர் தாமாகவே சர்க்கரையைக் குறைத்துவிட்டனர். எவருடைய அடுக்களைக் கதவும் தட்டப்படவில்லை.

எல்லா வரியும் வெல்லும் என்று நாம் வாதிடவில்லை. 2011 அக்டோபரில் கொழுப்புக்கு வரி விதித்த டென்மார்க், மக்கள் எல்லை கடந்து சென்று வாங்கக் கண்டு, 2013 தொடக்கத்தில் அதை நீக்கிற்று. வரியை ஆய்ந்து விதிக்க வேண்டும் என்பதே இதன் பாடம், விதிக்கவே கூடாதென்பதன்று.

நம் நாட்டு நிலை என்ன? 2025 செப்டம்பரில் சரக்கு சேவை வரி திருத்தப்பட்டபோது, இனிப்பூட்டிய குளிர்பானத்துக்கு 40 விழுக்காடு வரி விதித்தனர். சர்க்கரை மிகுந்ததற்கும் சர்க்கரையே இல்லாததற்கும் அதே வரியென்றால், ஆலைக்காரர் எதற்காகச் சர்க்கரையைக் குறைப்பார்? அதே கையால் பிஸ்கட்டுக்கும் சாக்லேட்டுக்கும் நொறுக்குத்தீனிக்கும் வரியை 5 விழுக்காடாக இறக்கினர். குடும்பச் செலவைக் குறைக்கும் நோக்கமாயிருக்கலாம். பிள்ளையின் உடலில் அதன் விலையைச் செலுத்தப்போவது யார்?

தனிமனிதப் பொறுப்பை நாம் மறுக்கவில்லை. ஆனால் அறிந்தவனுக்கன்றோ பொறுப்பு? சர்க்கரையோ உப்போ கொழுப்போ மிகுந்த பொட்டலத்தின் முகப்பிலேயே கறுப்பு எண்கோண முத்திரை பொறிக்க வேண்டுமென 2016 முதல் சிலி நாடு கட்டாயமாக்கிற்று. அதைக் கண்டபின் வாங்குபவனைப் பொறுப்பற்றவன் எனலாம். உண்மையைப் பின்புறத்துப் பொடியெழுத்தில் புதைத்துவிட்டுப் பொறுப்பைப் போதிப்பது நேர்மையாகாது.

நம் இல்லங்களுக்கும் ஒரு சொல். போதும் போதும் என்பவரின் சஹனில் மேலும் மேலும் கறியைக் குவிப்பதே உபசரிப்பென்று கருதும் வழக்கத்தை எந்த அரசும் வந்து திருத்தாது. அது நம் கடமை. அதை நாம் செய்வோம். அரசும் தன் கடமையைச் செய்யட்டும். நம் நாவைக் காட்டித் தப்பித்துக்கொள்ள வேண்டாம்.