கழுதை எங்களை மன்னிச்சிட்டுதாம்

போன நோன்புப் பெருநாளைக்குக் கொழும்பிலிருந்து வந்த என் மாமி மகள், தாராபுரத்தில் இருக்கும் எங்கள் உம்மம்மாவுக்கு ஒரு சந்தோசச் செய்தி கொண்டுவந்தாள். 1990இல் விட்டுவிட்டுப் போன கழுதையோடு அவள் பேசிவிட்டாளாம். உம்மம்மாவில் அதற்குக் கோபம் இல்லையாம். எல்லாரையும் மன்னித்துவிட்டதாம்.

விசயம் இதுதான். மிருகங்களோடு டெலிபதியில் பேசப் பழக்கும் ஆறு வாரப் பாடநெறி ஒன்றை அவள் ஸூமில் படித்திருக்கிறாள். படிப்பித்தவர் ஆர் என்று எழுதப்போவதில்லை. ஆள் முக்கியமில்லை, யாவாரம்தான் முக்கியம். கண்ணை மூடு, மூச்சைக் கவனி, மிருகத்தின் போட்டோவை மனதில் வை, முதலில் தோன்றுவதை நம்பு. சந்தேகப்பட்டால் தொடர்பு அறுந்துவிடும். (எவ்வளவு வசதியான விதி!) மிருகம் பக்கத்தில் நிற்கத் தேவையில்லை. உயிரோடு இருக்கவும் தேவையில்லை. எங்கள் கழுதைக்குப் போட்டோவே இல்லாதபடியால், இணையத்தில் எடுத்த வேறொரு மன்னார்க் கழுதையின் படத்தை வைத்துப் பேசினாளாம்.

இது அமெரிக்காவிலிருந்து வந்த பைத்தியம் என்று சொல்லித் தப்பவும் ஏலாது. எங்கள் கடலிலேயே இதற்குச் சம்பளம் கொடுத்திருக்கிறார்கள். மன்னார் முத்துக்குளிப்பில் சுறாவின் வாயைக் கட்ட ஒருவர் இருந்தார். கடல்கட்டி என்று பெயர். மீன்களை மந்திரத்தால் கட்டுகிறவர்களுக்கு முத்தில் இருபதில் ஒரு பங்கு போனதாக 13ஆம் நூற்றாண்டில் வந்த மார்க்கோ போலோ சொல்கிறார். பிரித்தானியர் காலத்திலும் அந்த உத்தியோகம் இருந்தது. குடியேற்றச் செயலாளராக இருந்த எமர்சன் டெனன்ட் முத்துக்குளிப்புப் பார்க்கப் போனபோது கடல்கட்டிக்குச் சுகமில்லை. பதிலுக்கு அனுப்பப்பட்டவர், தனக்கு மந்திரம் தெரியாது, ஆனால் பெரியவரின் பிரதிநிதி என்று சுறாக்கள் தன்னை மதிக்கும் என்றாராம்! 1859இல் வந்த புத்தகத்தில் டெனன்ட் இதை எழுதியிருக்கிறார்.

எனக்கு அந்தச் சுழியோடிகளைப் பார்த்துச் சிரிப்பு வரவில்லை. அவர்களின் பயம் உண்மை. ஆனால் அந்தப் பயத்தைப் போக்க அரசு ஏன் காசு கொடுத்தது? சுழியோடி இறங்காவிட்டால் முத்து வராது. சுறாவுக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை. மனிசனைச் சமாதானப்படுத்தித் தண்ணீருக்குள் தள்ளினார்கள், அவ்வளவுதான். மாமி மகள் கொண்டுவந்த செய்தியும் அந்த வகைதான். மிருகத்தின் பெயரால் மனிசருக்குக் கொடுக்கிற தூக்கமருந்து.

1990 ஒக்டோபரில் புலிகள் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். 70,000 பேருக்கு மேல். மன்னார்த்தீவுச் சனம் வள்ளங்களில் கற்பிட்டிக்குப் போனது. வள்ளத்தில் ஆட்டுக்கும் மாட்டுக்கும் கழுதைக்கும் இடமில்லை. புத்தளம் முகாமில் இருந்த காலமெல்லாம் உம்மம்மாவுக்கு அந்தக் கட்டையும் கயிறும் கனவில் வந்தது எங்கள் வீட்டில் எல்லாருக்கும் தெரியும். கயிற்றை அவிழ்த்துவிட்டோமா இல்லையா என்பதுதான் அவவின் கேள்வி. அதற்கு ஆறு வாரம் ஸூமில் படித்தவள் பதில் சொல்கிறாள்: மன்னிச்சாச்சு.

உம்மம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கேட்டா: "அது என்ன நிறமெண்டு சொல்லிச்சா?"

மாமி மகள் சாம்பல் என்றாள். இங்கே முக்கால்வாசிக் கழுதை சாம்பல்தான்.

"கோவமெண்டா ரெண்டு காதையும் பின்னால மடக்கும் மகள். வருத்தமெண்டா தீன் எடுக்காது, தலையத் தொங்கப்போட்டு நிக்கும். இதுக்கு ஏன் கண்ண மூடுற? கண்ண மூடினா காது தெரியுமா? அதோட, மன்னிக்க அது ஆரு? நாங்களா ஓடினோம்? போகச் சொன்னவன் வந்து கேக்கட்டும் மன்னிப்பு."

இதைவிடப் பெரிய மறுப்பு எந்தப் பல்கலைக்கழகத்திலும் இல்லை. இருந்தாலும் கலைப்பீடத்துப் பழக்கம், ஒரு உதாரணம் சொல்லாமல் விட மனமில்லை. பெர்லினில் ஹான்ஸ் என்றொரு குதிரை கணக்குச் செய்தது. விடையைக் குளம்பால் தட்டும். 1907இல் ஒஸ்கார் ஃபுங்ஸ்ட் சோதித்துப் பார்த்தார். கேட்கிறவருக்கே விடை தெரியாவிட்டால் குதிரைக்கும் தெரியவில்லை. சரியான எண் வந்ததும் கேட்கிறவரின் தலை தன்னையறியாமல் அசைவதைப் பார்த்துத்தான் அது தட்டுவதை நிறுத்தியிருக்கிறது. அந்த இடத்தில் எதிரில் நின்ற உடம்பை ஒழுங்காகக் கவனித்தது குதிரை ஒன்றுதான்.

உள்ளுணர்வு, பூர்வீக அறிவு, இயற்கையோடு ஒன்றாதல் என்று எங்கள் தோழர்கள் சிலரும் இதற்குச் சாமரம் வீசுகிறார்கள். பூர்வீக அறிவென்றால் உம்மம்மாவிடம் இருப்பது. ஒவ்வொரு நாளும் தண்ணி வைத்து, புண்ணுக்கு மருந்து போட்டு, உதை வாங்கிப் படித்தது. அதற்குச் சான்றிதழ் இல்லை. டெலிபதிக்காரருக்கு மிருகம் எப்போதும் நல்ல தமிழில், வாடிக்கையாளர் கேட்க விரும்புவதையே பேசும். "போடி, எனக்குப் பசிக்குது" என்று ஒரு கழுதையும் இதுவரை சொன்னதாகக் கேள்விப்படவில்லை.

பசிக்கிற கழுதை மன்னாரில் நிறைய. அரபு வணிகரோடு வந்தவை என்று சொல்லப்படும் இவற்றை, லொறியும் மோட்டார் சைக்கிளும் வந்தபிறகு வேலையில்லை என்று அவிழ்த்துவிட்டோம். இப்போது பட்டினத்தில் குப்பையைக் கிளறிப் பொலித்தீனோடு சேர்த்துத் தின்கின்றன. இரவில் தலைமன்னார் றோட்டில் நிற்கிறவற்றை வாகனம் அடித்துவிட்டுப் போகிறது. அவற்றுக்கென்று ஒரு சிகிச்சை நிலையத்தைத் தொடங்கினவர்கள் மனதால் பேசினதாகச் சொல்லவில்லை. காலைத் தூக்கிக் குளம்பைப் பார்த்தார்கள்.

பெருநாள் முடிந்து மாமி மகள் திரும்பிப் போகிற அன்று, பஸ் தரிப்பிடத்தில் ஒரு குட்டி நின்றது. பின்காலில் புண், ஈ மொய்த்துக்கொண்டிருந்தது. அவள் போனை எடுத்துப் படம் பிடித்தாள். நான் தண்ணிப் போத்தலைத் திறந்து புண்ணைக் கழுவப் போனேன். அது காதைப் பின்னால் மடக்கியது. நான் ரெண்டடி தள்ளி நின்றேன்.